டுரியான் பூவைத் தேடி வரும் விருந்தாளி

எந்த மாதத்தில் டுரியான் விழும், எந்த ஊர்ப் பழம் தித்திக்கும், எது இலேசாகக் கசக்கும் என்று மலேசியர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஆனால், டுரியான் பூவைக் கண்டவர்கள் மிகக் குறைவு. அப்பூ கிளையின் நுனியில் மலர்வதில்லை. தடித்த கிளைகளின் அடிப்பக்கத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. பிற்பகல் முடியும் வேளையில் இதழ் விரிக்கிறது. அந்தி சாய்ந்ததும் மகரந்தத்தை வெளியிடுகிறது. புளித்த பாலைப் போன்ற வாடை காற்றில் பரவும். பூவின் அடியில் தேன் ஊறி நிற்கும். பொழுது விடிவதற்குள் இதழ்களும் மகரந்தத் தாள்களும் தரையில் உதிர்ந்து கிடக்கும்.

அந்த ஓர் இரவுக்குள் வேறொரு மரத்தின் மகரந்தம் அப்பூவை வந்தடைய வேண்டும். தன் மகரந்தத்தைக் கொண்டே காய்க்கும் ஆற்றல் பெரும்பாலான டுரியான் மரங்களுக்கு மிகக் குறைவு. கனமான, ஒட்டும் தன்மையுள்ள அம்மகரந்தத்தைக் காற்றால் தூக்கிச் செல்ல இயலாது. பகலில் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளும் சிறு பறவைகளும் அந்நேரத்தில் உறங்கப் போயிருக்கும். இருட்டில் தோட்டம் விட்டுத் தோட்டம் பறந்து அந்த வேலையைச் செய்துமுடிக்கும் உயிர்களில் முதன்மையானது வௌவால்.

வௌவால்களில் ஒரு வகை குகைத் தேன் வௌவால். எடை ஐம்பது, அறுபது கிராம்தான் இருக்கும். நீண்ட மூக்கும் அதைவிட நீளமாக நீட்டக்கூடிய நாக்கும் அதற்கு உண்டு. பூவைப் பற்றிக்கொண்டு தேனை நக்கும்போது அதன் மார்பிலும் முகத்திலும் உள்ள மயிரில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மரத்துப் பூவில் முகத்தை நுழைக்கும்போது அது அங்கே படியும். தென்தாய்லாந்தில் டுரியான் தோட்டங்களை ஆராய்ந்த அறிவியலாளர் சாரா பும்ருங்ஸ்ரியும் அவருடைய குழுவினரும் அங்கே டுரியான் காய்ப்பதற்கு இந்த வௌவாலே முதன்மைக் காரணம் என்று கண்டறிந்தார்கள். தாய்லாந்துத் தோட்டக்காரர்கள் சிலர் இரவில் ஏணி வைத்து மரமேறி, தூரிகையால் பூப்பூவாக மகரந்தம் தடவுவதும் உண்டு. வௌவால் கூலி வாங்காமல் செய்யும் வேலையை மனிதன் செய்தால் எவ்வளவு உழைப்பு ஆகும் என்பதற்கு அந்த ஏணியே சாட்சி.

கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள பத்துமலையை அறியாதவர் மலேசியாவில் இல்லை. படியேறி முருகனை வழிபடச் செல்லும் பக்தர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் இன்னொரு குகை அங்கே உண்டு. அதற்கு இருட்டுக் குகை என்று பெயர். குகைத் தேன் வௌவால்கள் அதன் கூரையில் தொங்கி வாழ்கின்றன. 1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்னும் இரு ஆய்வாளர்கள் இந்த வௌவால்கள் எதை உண்கின்றன என்று அறிய விரும்பினார்கள். அவர்கள் வௌவால்களைத் துரத்திக்கொண்டு போகவில்லை. கூரைக்குக் கீழே விழும் எச்சத்தைச் சேகரித்து, அதிலுள்ள மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியால் பார்த்தார்கள். ஒவ்வொரு மரத்தின் மகரந்தத்துக்கும் தனி வடிவம் உண்டு. ஆகவே, எச்சமே வௌவாலின் நாட்குறிப்பு ஆகிவிட்டது.

அந்த நாட்குறிப்பில் டுரியானும் பெத்தாயும் இருந்தன. அவற்றோடு கடலோரச் சதுப்புநிலத்தில் வளரும் பெரெம்பாங் வகை மரங்களின் மகரந்தமும் இருந்தது. பத்துமலைக்கு அருகில் கடல் இல்லை. தேனுக்காக அவ்வௌவால்கள் ஓர் இரவில் 38 கிலோமீட்டர் தொலைவு வரை பறந்து சென்றதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

வீட்டுக்கு அருகில் பூக்கும் மரங்களை விட்டுவிட்டு ஏன் அத்தனை தொலைவு போக வேண்டும்? டுரியான் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. சில வாரங்கள் பூத்துவிட்டு ஓய்ந்துவிடும். மற்ற மாதங்களில் வௌவால் எதைத் தின்று உயிர் வாழும்? சதுப்புநில மரங்கள் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பூத்துக்கொண்டே இருக்கின்றன. டுரியான் பூக்காத மாதங்களில் வௌவாலுக்குச் சோறு போடுவது அந்த மரங்களே. இறால் பண்ணைக்காகவோ வீடமைப்புக்காகவோ கடலோரத்துச் சதுப்புநிலக் காட்டை அழித்தால், பல கிலோமீட்டருக்கு அப்பால் மலையடிவாரத்தில் இருக்கும் டுரியான் தோட்டத்தில் காய் குறையலாம். சுண்ணாம்புக்கல் குன்றை வெடிவைத்து உடைத்தாலும் இதே விளைவு ஏற்படலாம். குன்றை உடைப்பவருக்கும் தோட்டக்காரருக்கும் ஒருவரையொருவர் தெரிந்திருக்காது. அவர்கள் இருவரையும் இணைப்பது ஒரு சிறிய வௌவால் என்பதும் தெரிந்திருக்காது.

இத்தனை தொலைவை இருட்டில் எப்படிக் கடக்கிறது? வௌவாலுக்குக் கண் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. எல்லா வௌவால்களுக்கும் கண் உண்டு. பழமும் தேனும் உண்ணும் வௌவால்களுக்குப் பெரிய, கூர்மையான கண்கள் உண்டு. பூச்சி பிடிக்கும் வௌவால்களே காதை முதன்மையாக நம்புகின்றன. இதனைக் கண்டுபிடிக்க மனிதருக்கு நெடுங்காலம் ஆயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் ஸ்பல்லன்சானி, கண் இழந்த வௌவால் தடையில் மோதாமல் பறப்பதையும் காது அடைக்கப்பட்ட வௌவால் மோதிக்கொள்வதையும் கண்டு வியந்தார். எந்த ஓசையும் கேட்காத இருட்டில் காது எதற்கு என்னும் கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. விடை 1938இல்தான் கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் டொனால்ட் கிரிஃபின், இயற்பியலாளர் பியர்ஸ் உருவாக்கிய ஒலிக்கருவியின் முன் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்தார். ஓசையற்றது என்று எண்ணியிருந்த அறையில் கருவி ஓயாமல் முழங்கியது.

மனிதக் காது ஒரு விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலியைக் கேட்கும். வௌவால்களின் வேட்டையொலி பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலே, ஒரு லட்சம் அதிர்வுகளைத் தாண்டியும் செல்கிறது. மீயொலி என்பது அதன் பெயர். வௌவால் மீயொலியை எழுப்பி, அது பூச்சியின் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்கிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒன்றே முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் ஓர் அந்துப்பூச்சி இருந்தால், எதிரொலி விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் திரும்பிவிடும். அந்த நேரத்தைக் கொண்டு வௌவால் தொலைவை அறிகிறது. பூச்சியை நெருங்க நெருங்க ஒலிகளை வேகமாக எழுப்புகிறது. பிடிக்கப்போகும் கடைசி நொடியில் விநாடிக்கு 150க்கும் மேற்பட்ட ஒலிகள். கத்தும் ஒலியால் தன் காதே செவிடாகிவிடாதபடி, ஒவ்வொரு முறையும் நடுச்செவியிலுள்ள சிறு தசை சுருங்கிக் காதைத் தற்காத்துக்கொள்கிறது.

குகைத் தேன் வௌவாலுக்கு இந்தத் திறன் இல்லை. ஆயினும், ஒளி சிறிதும் புகாத குகையில் அது வாழ்கிறது. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு எதிர்பாராத விளக்கம் தந்தது. இருட்டில் பறக்கும்போது அது ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஓசை எழுப்புகிறது. அந்த ஓசை வாயிலிருந்து வரவில்லை, சிறகிலிருந்து வருகிறது. வாயை மூடிய பின்னும் ஓசை நிற்கவில்லை. இந்தச் சிறகொலியின் எதிரொலியைக் கொண்டு சுவர் போன்ற பெரிய பொருள்கள் எங்கே உள்ளன என்று ஓரளவு அறிகிறது. தொங்கவிடப்பட்ட கம்பிவடங்களை மட்டும் அறிய முடியாமல் மோதிக்கொண்டது. பூச்சியுண்ணும் வௌவாலின் நுட்பத்தோடு ஒப்பிட்டால் இது கைத்தடியால் தட்டிப் பார்த்து நடப்பதைப் போன்றது. ஆனாலும், குகையை விட்டு வெளியேற அது போதும்.

வழி அறிவதற்கு மட்டும் வௌவால் குரல் எழுப்புவதில்லை. மாலையில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரத்தடியில் நின்றவர்களுக்கு அவற்றின் சத்தம் பழக்கமானது. கேட்பவருக்கு வெறும் இரைச்சலாகத் தோன்றும் அதற்குள் என்ன இருக்கிறது? டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோசி யோவெல்லின் குழு இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. எகிப்தியப் பழந்தின்னி வௌவால்கள் 22ஐ 75 நாள்கள் இரவும் பகலும் படம்பிடித்து, குரலையும் பதிவுசெய்தது. ஏறத்தாழ 15,000 குரல்களைக் கணினி ஆராய்ந்தது. மனிதர் பேச்சை அடையாளம் காணப் பயன்படும் முறையே இதற்கும் பயன்பட்டது. 2016இல் முடிவுகள் வெளியாயின.

அந்த இரைச்சலில் பெரும்பகுதி சண்டை! உணவுக்காக ஒரு சண்டை; உறங்கும் இடத்துக்காக ஒரு சண்டை; ‘ஏன் என்னை இப்படி நெருக்கி உட்காருகிறாய்?’ என்று ஒரு சண்டை. விரும்பாத ஆண் அருகில் வந்தால் பெண் எழுப்பும் எதிர்ப்பு. குரலை மட்டும் கேட்டு, கத்தியது எந்த வௌவால் என்பதைக் கணினி பத்தில் ஏழு முறை சரியாகச் சொன்னது. எதைப் பற்றிய சண்டை என்பதைப் பத்தில் ஆறு முறை சொன்னது. யாரை நோக்கிக் கத்துகிறது என்பதைக்கூட ஓரளவு கண்டறிய முடிந்தது. ஆளுக்கு ஏற்பக் குரலை மாற்றிப் பேசும் பழக்கம் மனிதருக்கு மட்டும் உரியது அன்று என்பது இதனால் தெரிந்தது. இதனை வௌவால் மொழி என்று சொல்லிவிட முடியாது. சொற்களை அடுக்கி வாக்கியம் அமைக்கும் இலக்கணம் எதுவும் அதில் காணப்படவில்லை. நாளிதழ்கள் சில அப்படி எழுதிவிட்டது வேறு கதை.

அதே குழுவினர் அடுத்த ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. குட்டிகளைத் தாய்களோடு மூன்று அறைகளில் வளர்த்தார்கள். ஒவ்வோர் அறையிலும் ஒலிபெருக்கி வழியாக ஒரு வௌவால் கூட்டத்தின் குரல்கள் ஒலித்தன. ஓர் அறையில் ஒலித்தவை தாழ்ந்த குரல்கள், இன்னோர் அறையில் உயர்ந்த குரல்கள். குட்டிகள் வளர்ந்த பின் தாயின் குரலைப் போலக் கத்தவில்லை. தம் அறையில் ஒலித்த கூட்டத்தின் குரலைப் போலவே கத்தின. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் பினாங்கில் வளர்ந்தால் ஒரு வகையாகவும் ஜொகூரில் வளர்ந்தால் வேறு வகையாகவும் தமிழ் பேசுவதை ஒத்தது இது. வட்டார வழக்கு வௌவாலுக்கும் உண்டு.

மத்திய அமெரிக்காவில் சிறகில் பையுடைய ஒரு சிறு வௌவால் இருக்கிறது. அதன் குட்டிகள் மனிதக் குழந்தைகளைப் போல மழலை பேசுகின்றன. அஹானா பெர்னாண்டஸ், மிர்யாம் க்னோர்ன்ஷில்ட் ஆகியோர் பனாமாவிலும் கோஸ்தாரிக்காவிலும் இருபது குட்டிகளின் அருகில் நாள்தோறும் நாற்காலி போட்டு அமர்ந்து பதிவுசெய்தார்கள். குட்டிகள் பெரியவர்களின் பாட்டைத் துண்டு துண்டாகச் சொல்லிப் பார்த்தன. ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொல்லின. சில நேரங்களில் நாற்பது நிமிடங்களுக்கு மேல் ஓயவே இல்லை. தாய் வௌவால்கள் குட்டிகளிடம் குரல் மாற்றிப் பேசுவதையும் அவர்கள் கண்டார்கள். குழந்தையைக் கொஞ்சும்போது அம்மாக்களின் குரல் மாறுவதை அறியாதவர் யார்?

போர்னியோவில் ஒரு செடியே வௌவாலின் காதுக்கு ஏற்றபடி வளர்ந்திருக்கிறது. பூச்சிகளை விழவைத்து உண்ணும் கெண்டிச் செடிகளில் ஒரு வகை, பூச்சி பிடிப்பதில் அவ்வளவு திறமையற்றது. அதன் குடுவையின் பின்சுவர் உயரமாக, உள்குழிந்து இருக்கும். கம்பளி வௌவால் எழுப்பும் மீயொலியை அந்தக் குழிவு பளிச்செனத் திருப்பி அனுப்புகிறது. அடர்ந்த இலைகளுக்கு நடுவே ‘இங்கே இடம் உண்டு’ என்னும் அறிவிப்புப் பலகை போல அது வௌவாலுக்குக் கேட்கிறது. வௌவால் பகல் முழுதும் குடுவைக்குள் உறங்கும். வாடகையாகத் தன் எச்சத்தை விட்டுச் செல்லும். அச்செடியின் இலைகளிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த எச்சத்திலிருந்து கிடைத்ததே என்று புருணையில் ஆய்வு செய்தவர்கள் கணக்கிட்டார்கள்.

வௌவால்களின் குரலைப் பதிவுசெய்யும் கருவிகள் இப்போது பாதுகாப்பு ஆய்வுக்கும் உதவுகின்றன. பூச்சியுண்ணும் வௌவால் ஒவ்வொன்றின் மீயொலியும் தனி வடிவம் உடையது. காட்டில் ஒரு கருவியைக் கட்டிவைத்தால், இரவில் எந்தெந்த இனங்கள் கடந்து சென்றன என்பது மறுநாள் தெரிந்துவிடும். ஆனால், பழந்தின்னி வௌவால்களில் பெரும்பாலானவை பறக்கும்போது மீயொலி எழுப்புவதில்லை. அவற்றை எண்ண, தங்கும் மரத்துக்கே சென்று, மாலையில் அவை கிளம்பும் நேரத்தில் கண்ணால்தான் எண்ண வேண்டும்.

மலேசியாவில் 130க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் உருவத்தில் பெரியது பெரும்பழந்தின்னி வௌவால். சிறகு விரித்தால் ஒன்றரை மீட்டர் அகலம் இருக்கும். மலாய் மொழியில் அதனைக் கெலுவாங் என்பார்கள். ஜொகூரிலுள்ள குளுவாங் நகரம் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. தீபகற்ப மலேசியாவில் உரிமம் பெற்று இந்த வௌவாலை வேட்டையாடும் வழக்கம் இருந்தது. ஜோனதன் எப்ஸ்டீனும் அவருடைய குழுவினரும் உரிமக் கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 வௌவால்களைச் சுட அனுமதி வழங்கப்பட்டிருந்தது. இவ்வளவு வேட்டை நீடித்தால் 6 முதல் 81 ஆண்டுகளுக்குள் இவ்வினம் தீபகற்பத்தில் அற்றுப்போகலாம் என்று 2009இல் அவர்கள் எழுதினார்கள். இரண்டு எண்களுக்கும் இடையே இத்தனை இடைவெளி ஏன்? வௌவால்களின் மொத்த எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்ல எவராலும் முடியாததே காரணம். செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட வௌவால்கள் தாய்லாந்துக்கும் சுமத்திராவுக்கும் போய் வந்தன. ஒரு நாடு தனியாகச் சட்டம் போட்டு அவற்றைக் காக்க முடியாது. மேலும், பெண் வௌவால் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். இழந்த எண்ணிக்கை விரைவில் திரும்பாது.

தியோமான் தீவில் சிறுபழந்தின்னி வௌவால்கள் டுரியான் மரங்களுக்கு வருவது தீவு மக்களுக்குத் தெரியும். பூக்களைத் தின்று விளைச்சலைக் கெடுப்பதாக அவற்றின் மேல் பழி இருந்தது. ரிம்பா அமைப்பைச் சேர்ந்த ஷீமா அப்துல் அசிஸும் அவருடைய குழுவினரும் டுரியான் மரங்களின் மேல் தானியங்கிப் படக்கருவிகளைப் பொருத்தினார்கள். படங்களில் கண்டது வேறு. வௌவால் பூவைக் கடிக்கவில்லை. கிளையில் தொங்கியபடி தேனை மட்டும் நக்கிவிட்டு அடுத்த பூவுக்கு நகர்ந்தது. அது வந்துபோன பூக்கள் காய்த்தன. 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தது. பழி சுமந்தது விளைச்சலுக்கு உதவி செய்யும் உயிர் என்பது அன்று படத்தோடு நிறுவப்பட்டது.

அதே தீவும் அதே வௌவாலும் இன்னோர் ஆய்விலும் இடம்பெறுகின்றன. அது அச்சம் தரும் ஆய்வு. 1998, 1999ஆம் ஆண்டுகளில் பேராவிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளில் பணிபுரிந்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுக்களை ஒழித்தார்கள், பலன் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் சுவா காவ் பிங், அது புதிய கிருமி என்று கண்டுபிடித்தார். சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் நிப்பா என அது அழைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டனர். 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. எத்தனையோ குடும்பங்கள் வாழ்வாதாரம் இழந்தன. பின்னர் சுவாவின் குழு தியோமான் தீவில் வௌவால்கள் தங்கும் மரங்களின் கீழ் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து, சிறுநீரைச் சேகரித்து ஆராய்ந்தது. நிப்பா கிருமி அதில் இருந்தது.

இந்த உண்மையை மறைத்து வௌவாலை நல்ல உயிர் என்று மட்டும் எழுதுவது நேர்மை ஆகாது. அதே வேளையில், கிருமி மனிதரை எப்படி வந்தடைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். வௌவால் நேராக மனிதரைத் தேடி வரவில்லை. பண்ணைகளில் பன்றித் தொழுவங்களை ஒட்டியே பழமரங்கள் வளர்க்கப்பட்டிருந்தன. வௌவால் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றன. பன்றிகளிடமிருந்து மனிதருக்கு நோய் தொற்றியது.

அப்படியானால் வௌவால்களைக் கொன்றுவிடலாமே என்று கேட்பவர் உண்டு. உகாண்டாவில் அதனைச் செய்து பார்த்தார்கள். கிட்டாக்கா சுரங்கத்தில் வாழ்ந்த வௌவால்களிடம் மார்பர்க் என்னும் கொடிய கிருமி இருப்பது தெரிந்ததும் சுரங்கத் தொழிலாளர்கள் அவற்றை அழித்தார்கள். சில ஆண்டுகளில் வேறு வௌவால்கள் அங்கே குடியேறின. அவற்றைச் சோதித்தபோது, கிருமி உடைய வௌவால்களின் விகிதம் முன்பைவிட இரு மடங்குக்கும் கூடுதலாக இருந்தது. 2012இல் அருகிலுள்ள நகரத்தில் மார்பர்க் நோய் பரவியது. பழைய கூட்டம் அழிந்த இடத்துக்கு, கிருமியை இதற்குமுன் எதிர்கொள்ளாத வௌவால்கள் வந்து சேர்ந்ததே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

மலேசியா தேர்ந்தெடுத்த வழி வேறு. பழமரங்களைப் பன்றித் தொழுவங்களிலிருந்து தள்ளி வைக்கும்படி பண்ணைக்காரர்களுக்கு விதி வகுக்கப்பட்டது. வௌவால் எச்சில்பட்ட பழங்களைத் தொட வேண்டாம், கீழே விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் எடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் இன்றும் அறிவுறுத்துகிறார்கள். 1999க்குப் பிறகு மலேசியாவில் நிப்பா நோய் மீண்டும் பரவவில்லை. கெலுவாங் வௌவால்களின் உடலில் அக்கிருமி இப்போதும் இருக்கிறது.